அனுப்புநர்: தங்கை

எட்டு வருடமாகப் பேசாத அண்ணன் கையில் ஒரு தாளோடு வாசலில் நின்றதைப் பார்த்ததும், அச்சகத்தில் பிழை திருத்தும் தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீதானே மெயில் அனுப்பி வரச் சொன்னே," என்றார் அவர்.

"நானா?"

தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். அனுப்புநர் இடத்தில் அவளுடைய மின்னஞ்சல் முகவரிதான். 'தப்பு என்மேல்தான் அண்ணா' என்று தொடங்கியிருந்தது. செத்தாலும் அவள் எழுத மாட்டாத வரி.

தாளோடு உள்ளே ஓடினாள். கணவர் கணினியை அலசிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இங்கேயிருந்து போகவே இல்ல. கவர் மேல அனுப்புநர்னு யார் பேரை வேணும்னாலும் எழுதலாம்ல? அந்த மாதிரி யாரோ உன் முகவரியைப் போட்டு அனுப்பியிருக்காங்க."

"எவன் அவன்? நான் இறங்கி வந்துட்டேன்னு எல்லாரும் சிரிக்கவா? இப்பவே போய்ச் சொல்லிடறேன், நான் அனுப்பலைன்னு."

விடுவிடுவென்று வாசலுக்கு வந்தவள், தாளின் கடைசி வரியில் கண் பட்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

'ஒருமுறை வீட்டிற்க்கு வா.'

அண்ணன் ஆசை ஆசையாகத் தானே எழுதி அச்சடித்த கல்யாண அழைப்பிதழை நாலு பேர் முன்னால் பிரித்து, "வீட்டிற்க்கு-ல ஒரு க் அதிகம்," என்று அவள் சிரித்ததில்தான் அன்றைக்குப் பேச்சு நின்றது.

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அனுப்பலையா?" என்றார்.

அவள் தாளை மடித்துக்கொண்டாள்.

"நான்தான் அனுப்பினேன். அவசரத்துல ஒரு க் அதிகமா விழுந்துடுச்சு. உள்ளே வா அண்ணா."