சம்பூர்ணத்தின் ரேடியோ

"இதான் கடைசி சார். இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றபடி சம்பூர்ணம் மஞ்சள் பையிலிருந்து ரேடியோவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

உமாபதி நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, என்ன ஆச்சு?"

"சங்கீதா புதுசு வாங்கியாறேன்னு சொல்லிகினு இருக்குறா. போன்லேர்ந்தே பாடுமாம். வெள்ளிக்கிழமை எடுத்துகினு வரா. அதுவரைக்கும் இது பாடுனா போதும்."

ஒரகடத்தில் தங்கிக் கம்பெனி வேலைக்குப் போகும் மகள், அம்மாவுக்கு ஒரு சாமான் வாங்கித் தருகிறாள். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? இருந்தாலும் உமாபதி ரேடியோவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நல்லதுதான்மா. புதுசுன்னா எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று வாய் மட்டும் சொன்னது. டீ போட உள்ளே போனார்.

தபால் ஆபீஸில் முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவர் அவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் வீடு அடங்கிப்போனது. புனேயில் இருக்கும் மகன் தீபாவளிக்குத் தீபாவளி பேசுவான். பொழுது போகாமல் ஒருநாள் செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டே பழைய மிக்சியைப் பிரித்தார். திரும்ப மாட்டியதில் மூன்று திருகாணிகள் மிச்சம். இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தபோது ஃபியூஸே போனது. எப்படியோ தட்டுத்தடுமாறிக் கைப்பழக்கம் வந்துவிட்டது. ஆனால் ஏகாம்பரநாதர் கோயில் பக்கத்துத் தெருவாசிகள் விவரமானவர்கள். எது கெட்டாலும் காந்தி ரோடு கடைக்குத்தான் போவார்கள். இவரை நம்பி வந்தவள் இரண்டு வீடு தள்ளி, பின்கட்டில் தனியாகக் குடியிருக்கும் சம்பூர்ணம் ஒருத்திதான்.

அவள் தறி வீடுகளுக்குப் போய்ப் பாவு பிணைப்பவள். தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல் தீர்ந்ததும், அதன் நுனியோடு புதுப் பாவின் நுனியைச் சேர்த்து, சாம்பலைத் தொட்டு, இரண்டு விரலால் ஒரு முறுக்கு. அவ்வளவுதான். முடிச்சு கிடையாது, ஆனால் இழுத்தாலும் பிரியாது. இழை இழையாக ஆயிரக்கணக்கில் பிணைக்க வேண்டும் என்பதால், அவள் விரல் நுனிகள் எப்போதும் சாம்பல் பூத்தே இருக்கும். வீட்டுக்குத் திரும்பினால் அவளுக்கு ரேடியோதான் துணை.

அந்தத் துணையைத்தான் உமாபதி கெடுத்துவந்தார்.

ஆமாம், தெரிந்தே செய்ததுதான். ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைப் பற்றவைக்கும் ஈயத்தை மட்டும் ஒப்புக்குத் தொட்டு வைப்பார். கொஞ்ச நாள் பாடும், அப்புறம் விட்டுவிடும். ரேடியோ திரும்பி வரும், கூடவே சம்பூர்ணமும். அவர் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டே இருக்க, அவள் தக்காளி விலையிலிருந்து தேர்த் திருவிழாக் கூட்டம்வரை பேசிக்கொண்டிருப்பாள். அவள் போன பிறகு அந்த வீட்டில் பேச ஆள் கிடையாது. அடுத்த முறை அவள் வரும்வரை அவர் குரலை அவரே கேட்கமாட்டார்.

ரேடியோ இல்லாவிட்டாலும் வாம்மா என்று சொல்லிவிடலாம்தான். தனியாக இருக்கும் ஆண் வீட்டுக்குத் தனியாக இருக்கும் பெண் சும்மா வந்து போனால் தெரு சும்மா இருக்குமா? கையில் ரேடியோ இருந்தால் அது ரிப்பேர். இல்லாவிட்டால் அதற்கு வேறு பேர்.

போன முறை வந்தபோது அவள் சொன்னாள்: "பாட்டு இல்லாத அன்னிக்கு வீடு வெறிச்சுனு இருக்குது சார். சோறு திங்கவே தோணல." அன்று உமாபதிக்கும் சோறு இறங்கவில்லை. தன் வெறுமையைத் தீர்த்துக்கொள்ள இன்னொருத்தி வெறுமையை வளர்க்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் பாவி மனுஷர், அன்றும் ஈயத்தை ஒப்புக்குத்தான் தொட்டு வைத்தார்.

டீயை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஈயம் உருக்கும் சால்டரிங் கம்பியைச் சூடாக்கினார். இன்றைக்கு மட்டுமாவது ஒழுங்காகப் பற்ற வைக்க வேண்டும். இனி இவள் வரப்போவதில்லை. வெள்ளிக்கிழமைவரையாவது இது தடையில்லாமல் பாடட்டும். சுவிட்சைப் போட்டுப் பார்க்கக்கூட இல்லை. என்ன கோளாறு என்று அவருக்குத் தெரியாதா என்ன?

பின்மூடியைக் கழற்றினார். உள்ளே குனிந்து பார்த்தார்.

அவர் வைத்த ஈயப் பொட்டு உதிர்ந்துதான் கிடந்தது. ஆனால் ஒயர் தனியாகத் தொங்கவில்லை. மெல்லிய கம்பி இழைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, ஒரே சீராக முறுக்கியிருந்தன. முடிச்சு இல்லை. இழுத்துப் பார்த்தார், பிரியவில்லை. முறுக்கின்மேல் லேசாகச் சாம்பல் ஒட்டியிருந்தது.

நம்ப முடியாமல் குமிழைத் திருகினார். பாட்டு கணீரென்று கூடம் முழுக்கக் கேட்டது.

"இது எப்பம்மா விட்டுது?" என்றார்.

சம்பூர்ணம் திரும்பிப் பார்க்கவில்லை. டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வாட்டி எடுத்துகினு போன மறுநாளே விட்டுச்சு சார். அன்னிக்கே முறுக்கிட்டேன். நல்லாத்தான் பாடிகினு இருக்குது."

கடைசி வாய் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ரேடியோவை மேசைமேலேயே விட்டுவிட்டு, காலிப் பையை மடித்து இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவள், அங்கே நின்று சொன்னாள்:

"இது இங்கியே பாடட்டும் சார். வெள்ளிக்கிழமை புதுசு வருதுல்ல, சனிக்கிழமை அதையும் எடுத்துகினு வரேன். அதுவும் சரியா பாடாது."