கதையில் வராத பல்பு

மருந்துக்கடைக்காரர் வகுப்பறைப் பலகையை விட்டு நகரவில்லை.

மற்ற பெற்றோர்கள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை ஒரு அதட்டு அதட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இவர் மட்டும் மகள் எழுதிய தாளின் முன் நின்றுகொண்டிருந்தார்.

தமிழாசிரியைக்குப் பெருமையாக இருந்தது.

பெற்றோர் நாளில் அவள் இப்படித்தான் செய்வாள். பாடத்துக்கு வைத்த கதையைப் பலகையில் ஒட்டுவாள். அதைப் படித்துப் பிள்ளைகள் மனதில் பட்டதை எழுதியதில் சிறந்ததை எடுத்துப் பக்கத்திலேயே ஒட்டுவாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிள்ளை எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறது என்று தெரியும்.

"எழுத்து புரியலைன்னா நான் படிச்சுக் காட்டறேன் சார்."

"டாக்டருங்க கிறுக்கறதையே படிக்கிறவன் டீச்சர் நான். எம் பொண்ணு எழுத்து புரியாதா?"

இருவரும் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் பையை மடியில் வைத்திருந்த மகள் சிரிக்கவில்லை.

கதை சின்னது. ஒரு பெண் இருட்டில் மாடிப்படியில் தடுக்கி விழுந்து இறந்துபோகிறாள். வகுப்பே 'வருத்தமாக இருந்தது' என்று எழுதித் தந்திருந்தது. இவள் ஒருத்திதான் வேறு மாதிரி எழுதினாள்.

'எனக்கு வருத்தம் வரவில்லை. பயம் வந்தது. படியில் ஏன் இருட்டு என்று கதை எழுதியவர் சொல்லவில்லை. யாரோ பல்பைக் கழற்றியிருக்க வேண்டும். எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பை வெறுங்கையால் தொட முடியாது. கைக்குட்டையைச் சுற்றிக்கொள்ள வேண்டும். அவள் விழுந்த பிறகு அதைத் திரும்ப மாட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட வேண்டும்.'

அதன் கீழே சிவப்பு மையில் ஆசிரியை எழுதியிருந்தாள்: 'நல்ல கற்பனை.'

காலையில் தாளை ஒட்டப் போனபோது அந்தப் பெண் ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒட்ட வேண்டாம், நீங்கள் மட்டும் படித்தால் போதும் என்றாள். கூச்சம் என்று நினைத்து, அசடு என்று கன்னத்தில் தட்டிவிட்டு ஆசிரியை ஒட்டினாள்.

மருந்துக்கடைக்காரர் இப்போது கதைப் பக்கம் நகர்ந்தார். வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மகளின் தாளுக்கு வந்தார்.

"கதையில பல்பே வரலையே டீச்சர்."

"அதுதானே சார் விஷயம்! இல்லாததை யோசிச்சிருக்கா பாருங்க."

அவர் விரல் சிவப்பு மையின் மேல் போய் நின்றது.

"ஆமா. கற்பனைன்னு நீங்களே எழுதிட்டீங்களே."

மருந்துச் சீட்டில் டாக்டரின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பவர்போல அந்த வார்த்தையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"வாம்மா. வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

மகள் எழுந்தாள். ஆசிரியையைத் தாண்டும்போது நின்றாள்.

"படிச்சீங்கதானே மிஸ்?"

"எத்தனை வாட்டி படிச்சேன் தெரியுமா!"

அந்தப் பெண் இன்னும் ஏதோ வரும் என்பதுபோல அவள் முகத்தையே பார்த்தாள். எதுவும் வராததால் அப்பாவின் பின்னால் நடந்தாள்.

வெளியே பொழுது சாய்ந்திருந்தது. வகுப்பறை வாசலுக்கு வந்த ஆசிரியை படிக்கட்டு விளக்கின் சுவிட்சைத் தட்டினாள்.

"படி இருட்டா இருக்கு சார். பார்த்து எறங்குங்க."

மஞ்சள் வெளிச்சம் படிகளில் விழுந்தது. அவள் கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது.

போன வருஷம் இந்தப் பெண்ணின் அம்மா இறந்தபோது ஆசிரியர்கள் எல்லோரும் துக்கம் கேட்கப் போயிருந்தார்கள். பட்டப்பகலிலும் அந்த வீட்டு மாடிப்படியில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதன் கீழே நின்றுதான் அவர் வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். லைட் எரிஞ்சிட்டுதான் இருந்தது டீச்சர், இவ்வளவு வெளிச்சத்துல எப்படித்தான் தடுக்கினாளோ என்று.

ஆசிரியை படிக்கு ஓடினாள்.

"சார்! அவளை விட்டுட்டுப் போங்க. அவகிட்ட நான் பேசணும்."

பாதிப் படியில் அவர் நின்றார். மகளின் மணிக்கட்டு அவர் கையில் இருந்தது. அண்ணாந்து பார்த்தார். அவளையல்ல, பல்பை.

"எதைப் பத்தி டீச்சர்? கதையைப் பத்தியா?"

ஆசிரியை அந்தப் பெண்ணை நோக்கிக் கையை நீட்டினாள்.

அந்தப் பெண் மணிக்கட்டை உருவிக்கொண்டு ஒரு படி மேலே ஏறினாள்.

அவரும் ஒரு படி ஏறினார்.