புலி பார்க்கும் படலம்

"நாம ராசிபுரம்னு மூச்சு விடக் கூடாது, ஆமா. யாராச்சும் கேட்டா ஓமலூருன்னு சொல்லுங்க. புலி பாக்க வந்திருக்கோம், அவ்வளவுதான்."

ஆசனூரில் வனத்துறை வேனுக்குக் காத்திருந்தபோது சௌந்திரம் கணவரின் காதைக் கடித்தாள்.

"தரகர் சொன்னது போதாதா? பையனுக்கும் புடிச்சுப் போச்சு. வெண்ணந்தூர்ல வேற ஊடு ஊடாப் போயி விசாரிச்சுட்ட," என்றார் தங்கசாமி.

"சொந்த ஊர்ல எல்லாரும் நல்லதுதானுங்க சொல்லுவாங்க. வேலை பாக்கற எடத்துலதான் குணம் தெரியும். போன வாரம் நம்ம நெய்க்கடைக்கு ஒருத்தி வந்தாளே, முகத்தைச் சுத்தித் துப்பட்டாவைக் கட்டிக்கிட்டு? வாங்குனது நூறு கிராம். அதுக்குப் புறங்கையில ஒரு சொட்டு ஊத்தித் தேய்ச்சா, மோந்தா, எந்த ஊரு வெண்ணெய், என்னிக்குக் காய்ச்சுனதுன்னு உசுரை எடுத்தா. நூறு கிராம் நெய்க்கே அத்தனை விசாரணைன்னா, மருமகளுக்கு நாம விசாரிக்க வேண்டாமுங்களா?"

"அவளைத் திட்டிக்கிட்டே ஒரு கரண்டி சேத்துத்தான ஊத்துன?"

"அது யாவாரம். இது ஊட்டுக்கு வர்ற மகாலட்சுமி."

உண்மையில் சௌந்திரம் மகாலட்சுமியைத் தேடி வரவில்லை. ஒரு குறையைத் தேடித்தான் வந்திருந்தாள். மகன் மோகன்குமார், கட்டினால் இந்த வனவர் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மருமகள் கடைக் கல்லாவில் உட்காருவாள் என்று கனவு கண்டவளுக்கு, அவள் புலிக்கு நடுவில் வேலை பார்ப்பது துளியும் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடுவாளா, மாட்டாளா? இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். பெண் மனசுக்குப் பிடித்தால் கொடுக்கலாம் என்று பையில் ஒரு பாட்டில் நெய் வைத்திருந்தாள். அதை ராசிபுரத்துக்கே திரும்பக் கொண்டு போகும் உத்தேசம்தான் அதிகம்.

வேன் வந்து நின்றது. காக்கிச் சீருடையில் ஒரு பெண் இறங்கினாள். தரகர் காட்டிய போட்டோவில் இருந்த அதே முகம். சட்டையில் 'தேவிப்ரியா' என்று பெயர் வேறு.

"வாங்கம்மா, நீங்க முன்னாடி உக்காருங்க. எந்த ஊருங்க?"

"ஓமலூரு," என்று முந்திக்கொண்டாள் சௌந்திரம்.

"ஓமலூருங்களா? நல்லதுங்க," என்று சிரித்தாள் தேவிப்ரியா. சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா?

வேன் காட்டுக்குள் நுழைந்தது. "புலி கண்ணுல படுமா?" என்று கேட்டார் தங்கசாமி.

"பட்டா உங்க அதிர்ஷ்டமுங்க ஐயா. ஒரு காலத்துல இங்க சந்தனக்கட்டை, தந்தம், மானுக்குக் கண்ணின்னு எங்க பாத்தாலும் திருட்டுத்தானுங்க. ரெண்டாயிரத்துப் பதிமூணுல புலிகள் காப்பகம்னு அறிவிச்சாங்க. அப்பறம் ராத்திரியில திம்பம் ரோட்டுல லாரியையும் நிறுத்துனாங்க. இப்பப் புலி நல்லாப் பெருகிருச்சுங்க. வேணும்னா நம்ம டிரைவர் ஆண்டி அண்ணனைக் கேளுங்க."

"எங்கப்பன் கண்ணி வெச்சாரு. நான் கண்ணியப் பொறுக்கிக்கிட்டுத் திரியறேன்," என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சிரித்தார் ஆண்டி.

சௌந்திரம் தொண்டையைச் செருமினாள். "கல்யாணம் காட்சின்னு ஆயிட்டா இந்த வேலையை விட்டுருவியா சாமி?"

"விட மாட்டேனுங்கம்மா. விடச் சொல்ற ஊட்டுக்கு வாக்கப்படவும் மாட்டேன்."

பதில் பட்டென்று வந்தது. கிடைத்துவிட்டது குறை! சௌந்திரம் நெய்ப் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

சட்டென்று தேவிப்ரியா கையைக் காட்ட, வேன் நின்றது. ஈர மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம். அதை ஒட்டியே இன்னொன்று, சின்னதாக.

"தாயும் குட்டியுமுங்க," என்றாள் தேவிப்ரியா. "இந்தப் பக்கம் போன வருசம் ஒத்தைத் தடம்கூட இல்லீங்கம்மா. இரையும் தண்ணியும் இருந்து, ஆளு தொந்தரவு இல்லைன்னாத்தான் குட்டியக் கூட்டிட்டு வரும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெற்றவள் பூரிப்பதைப் போலிருந்தது சௌந்திரத்துக்கு.

"எறங்கி ஒரு போட்டோ எடுத்துக்கறேனே," என்று எழுந்தார் தங்கசாமி.

"உக்காருங்க ஐயா!"

அதட்டலில் தங்கசாமி பொத்தென்று உட்கார்ந்தார். கடையில் சௌந்திரம் அதட்டும்போதும் அவர் இப்படித்தான் உட்காருவார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு ஒரு கேள்வியும் வந்தது. கடையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார் என்று யாராவது சொன்னால் நான் விடுவேனா? சொன்னவர்களைத்தான் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன்.

"அப்பப் புலி எங்கதான் இருக்குது?" என்றார் தங்கசாமி பரிதாபமாக.

"இங்கதானுங்க, எங்கியாச்சும் ஒதுங்கி நிக்கும். நாம அதைப் பாக்கறதுக்கு முந்தியே அது நம்மளைப் பாத்து முடிச்சிருக்கும்."

கடைசி வரை புலி வரவில்லை. இறங்கியதும் சௌந்திரம் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"நான் ஓமலூரு இல்ல சாமி, ராசிபுரம். மோகன்குமாரோட அம்மா. வேவு பாக்கத்தான் வந்தேன், தப்பா நெனைக்காத. நீ வேலையை விட வேண்டாம். என்ற பையனைக் கட்டிக்க."

தேவிப்ரியா திடுக்கிடவில்லை. பாட்டிலைத் திறந்து, புறங்கையில் ஒரு சொட்டு ஊற்றித் தேய்த்து, மோந்து பார்த்தாள்.

சௌந்திரத்தின் வாய் பிளந்தது.

"மாப்பிள்ளையை எங்கப்பா விசாரிச்சுட்டாருங்க அத்தை. நான் மாமியாரைத்தான் விசாரிக்க வந்தேன். திட்டிக்கிட்டே ஒரு கரண்டி சேத்து ஊத்துனீங்க பாருங்க, அன்னிக்கே எனக்குச் சம்மதமுங்க."