எட்டாவது கணினி

"ஏழு கணினியை மட்டும் மாத்துங்க. எட்டாவதைத் தொடாதீங்க" என்றார் மேனேஜர்.

கணினிக்காரருக்குச் சுருக்கென்றது. "ஏன் சார்?"

"என் முடிவு. காரணம் கேக்காதீங்க."

அது ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம். எட்டு மேசை, எட்டு கணினி, எல்லாவற்றிலும் விண்டோஸ். உரிமம் முடியப்போகிற நேரத்தில், லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்துக்கு மாறிவிடலாம் என்று யோசனை சொன்னதே கணினிக்காரர்தான். சொன்னதோடு விடவில்லை. ஒரு வாரம் மேசை மேசையாகப் போய்ப் பேசினார்.

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு யாரு வேணா திறந்து பாக்கலாம். மாத்தலாம், பக்கத்து ஆளுக்குக் கொடுக்கலாம். எந்தக் கம்பெனி வாசல்லயும் போய் நிக்க வேண்டாம். பெரியவன் சின்னவன் பேதமே கிடையாது!"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பழகுவதுதான் பெரும்பாடு. ஒருத்தருக்குப் பிரிண்டர் முரண்டு பிடித்தது. இன்னொருத்தருக்கு எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மருத்துவ அறிக்கைகளை மொழிபெயர்ப்பவர், பாதி முடித்த கோப்பைக் காணாமல் அரைமணி நேரம் தவித்தார். கணினிக்காரர் ஓடி ஓடிச் சரிசெய்தார். எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார்கள்.

ஜன்னலோர மேசை மட்டும் பழையபடியே இருந்தது. சட்டப் பத்திரங்களை மொழிபெயர்க்கும் அக்காவின் மேசை. அலுவலகத்திலேயே மூத்தவர். ஆனால் கொஞ்ச நாளாக எதிரே வருகிறவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புகூடக் கிடையாது. தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் மருத்துவ அறிக்கைக்காரர் வெடித்தார். "நாங்க என்ன இளிச்சவாயங்களா? நாங்க மட்டும் கிடந்து முழிக்கணும், மகாராணிக்கு மட்டும் பழசா?"

"என்னைக் கேக்காதீங்க. சார் உத்தரவு."

"பேதமே கிடையாதுன்னு வாய் கிழியப் பேசினது யாரு? அந்த ஜன்னல் வரைக்கும் நடக்க உங்க கொள்கைக்குக் கால் வலிக்குதா?"

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கணினிக்காரர் விறுவிறுவென்று மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், ஒண்ணு எல்லாருக்கும் பழசு, இல்லேன்னா எல்லாருக்கும் புதுசு. ஆளுக்கொரு நியாயம்னா நான் எப்படி இவங்க மூஞ்சில முழிக்கிறது?"

"என்னைத் திட்டச் சொல்லுங்க. உங்களை விட்டுடுவாங்க" என்றார் மேனேஜர், தலையை நிமிர்த்தாமல்.

கணினிக்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டியவங்கன்னா ஒரு சட்டம், மத்தவங்கன்னா ஒரு சட்டம். ச்சே!

மறுநாள் மேனேஜர் வெளியூர் போயிருந்தார். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை சாப்பாட்டு நேரம். அக்கா மட்டும் எப்போதும் அரைமணியில் சாப்பிட்டுவிட்டு மேலே வந்துவிடுவார்.

"இன்னிக்கு விட்டா இனிமே வாய்க்காது" என்றார் மருத்துவ அறிக்கைக்காரர்.

அக்கா படியிறங்கியதும் கணினிக்காரர் அந்த மேசையில் உட்கார்ந்தார். பழைய சிஸ்டத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பென்டிரைவைச் செருகி, அதன் வழியாகவே அக்காவின் கோப்புகளை ஒன்றுவிடாமல் நகலெடுத்தார். அந்த விஷயத்தில் அவர் நாணயமானவர். பிறகு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றினார்.

மகாராணி குதிக்கப்போவதை வேடிக்கை பார்க்க, மற்ற ஏழு பேரும் சாப்பிடக்கூடப் போகாமல் பக்கத்து அறையில் ஒளிந்துகொண்டார்கள்.

அக்கா வந்தார். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு விசைகளைத் தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார். ஹெட்போனைக் கழற்றி, ஒயரைத் தடவிப் பார்த்து, திரும்பச் செருகினார்.

ஏழு பேரும் பூனைபோல வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். ஒருத்தர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

கணினிக்காரர் அக்காவின் பக்கத்தில் போனார். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைக் கடகடவென்று சொன்னார். "நான்தான்க்கா மாத்தினேன். இங்க எல்லாருக்கும் ஒரே சிஸ்டம்தான். மூணு நாள்ல பழகிடும்."

அக்கா குரல் வந்த பக்கம் திரும்பினார். பார்வை மட்டும் அவர் முகத்தில் நிற்காமல் காதோரமாகப் போனது.

"மாத்திட்டீங்களா தம்பி?"

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க மேல தப்பில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்? எட்டு மாசமா, எதை நேரா பார்த்தாலும் அது மட்டும் மறைஞ்சுபோகுது தம்பி. எழுத்து தெரியலை, ஆள் முகம் தெரியலை. ஓரத்துல தெரியுறதை வெச்சுத்தான் நடமாடுறேன். பழைய சிஸ்டத்துல, எழுத்தை எனக்குப் படிச்சுச் சொல்ற மென்பொருள் ஒண்ணு இருந்துச்சு. அது சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் வேலை பாக்குறேன். சாருக்கு மட்டும்தான் தெரியும். வெளியில சொல்லக்கூடாதுன்னு நான்தான் அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

அக்கா ஹெட்போனை மேசையில் வைத்தார்.

"சாப்பிடப் போனவங்க வர்றதுக்குள்ள பழையபடி ஆக்கிடுறீங்களா தம்பி? எல்லாம் தங்கமான பிள்ளைங்க. தெரிஞ்சா மனசு தாங்க மாட்டாங்க."

அக்காவின் முதுகுக்குப் பின்னால் அந்த ஏழு பேரும் மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.