கருவாட்டுக் குழம்புக்கு வந்த கடைசிப் பதில்

கருவாட்டுக் குழம்புக்குத் தேங்காய்ப்பால் ஊற்றலாமா என்று ஓர் இணையப் பக்கத்தில் ஒரு கமெண்ட் கேட்டுவைத்தது. அதற்கொரு பதில், அந்தப் பதிலுக்கொரு பதில் என்று சண்டை கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. எல்லாவற்றுக்கும் அடியில், "நான் தனி ஆள்தான். இன்னைக்கு வச்சேன், நல்லா வந்துச்சு" என்று ஒரு பதில் ஒண்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் அந்தப் பதிலின் கதவை யாரோ தட்டினார்கள். கடைசிப் பதில் துள்ளி எழுந்தது. "எனக்குப் பதில் வந்திருக்கா?"

"இல்லீங்க, நான் கணக்கெடுக்கிற கம்ப்யூட்டர் நிரல். இங்க மொத்தம் எத்தனை பேர்னு எண்ணணும். உங்களுக்குக் கீழ யாராவது இருக்காங்களா?"

யாரும் இல்லை என்று சொல்ல அதற்கு நா எழவில்லை. "வந்துக்கிட்டே இருக்காங்க. கொஞ்சம் உட்காருங்க."

நிரல் உட்கார்ந்தது. பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில் கடைசிப் பதில் குழம்பு வைத்த கதையை ஆரம்பித்தது. கதை நீள நீள நிரல் நெளிந்தது.

"மேல ஒவ்வொரு வாசல்லயும் என்னை மாதிரியே ஒருத்தன் நிக்கிறான். கீழ போனவன் திரும்பி வந்தாத்தான் அவன் நகர முடியும். எல்லாரும் எனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க."

கடைசிப் பதில் சட்டென்று பேச்சை நிறுத்தியது.

"கீழ யாரும் இல்ல. யாரும் வரவும் மாட்டாங்க. நீங்க கிளம்புங்க."

"அப்ப இங்க ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே நிரல் மேலே ஓடியது. "வந்துட்டான்!" என்று ஒரு வாசலில் குரல் கேட்டது. அதற்கு மேல் வாசலிலும் கேட்டது, இன்னும் தொலைவாக.

குரல்கள் ஓயும்வரை கடைசிப் பதில் கதவைச் சாத்தவில்லை.