எட்டு மூடிகள்

எட்டுக் குப்பிகளும் திறந்திருந்தபோது தணிகைவேல் சார் ஆய்வகத்துக்குள் வந்தார்.

முகக்கவசம் போடவில்லை.

அவள் பனிக்கட்டிப் பெட்டியைச் சற்றுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஆர்.என்.ஏ. பிரிக்கும் மேசையில் யாரும் பேசக் கூடாது. ஓர் எச்சில் துளி போதும். மரபணுவைப் பார்த்து உயிரணு படியெடுத்து வைத்த ஆர்.என்.ஏ. எல்லாம் நிமிடங்களில் துண்டு துண்டாகிவிடும். அதனால்தான் இந்த வேலை அவளுக்கு வந்தது.

“நீதான் வாயே தொறக்க மாட்டியே. உனக்குன்னே செஞ்ச வேலைடி இது.” ஆய்வகத்துக்கு வந்த முதல் வாரமே உடன் படிக்கும் ஜெசிந்தா சொல்லிச் சிரித்தாள்.

நான்கு வருடங்களாக அவள் திறக்கவுமில்லை.

அவளுடைய ஆய்வு வழிகாட்டியான சார் ஒரு படத்தை மேசைமேல் வைத்தார். அவள் எடுத்த படம்தான். கறுப்புப் பின்னணியில் நான்கு கீற்றுகள்; பாசியின் ஒரு மரபணு எவ்வளவு விழித்திருக்கிறதோ அவ்வளவு பளிச்சிடும். முதல் மூன்றும் வெளிச்சத்தில் வளர்ந்த பாசி. நான்காவது, இரண்டு நாள் இருட்டில் கிடந்தது.

வெளிச்சம் பட்டால்தான் அந்த மரபணு விழிக்கும். பத்து வருடங்களுக்கு முன் சார் எழுதிய கட்டுரை அப்படித்தான் சொல்கிறது. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கட்டுரை.

நான்காவது கீற்றுதான் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று இருந்தது.

அதற்குச் சற்று முன்னால், ஸ்கேல் வைத்து, பென்சிலால் ஒரு கோடு.

“இதோட வெட்டிடும்மா. வெளிச்சம் கசிஞ்சிருக்கும். உன் தப்புதான், பரவாயில்ல. வெட்டிக் கொடு, இந்த வாரமே தீசிஸ்ல கையெழுத்துப் போட்டுடறேன்.”

கசியவில்லை.

குடுவைக்கு மூன்று சுற்று அலுமினியத் தாள். அதன்மேல் கறுப்புத் துணி. கதவிடுக்கில் தன் துப்பட்டாவைச் சுருட்டி அடைத்துவிட்டு, தடவித் தடவித்தான் பாசியை எடுத்தாள். டி.என்.ஏ. கலந்து பொய்க் கீற்று காட்டுகிறதோ என்றும் பார்த்தாயிற்று. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் அது இருட்டில் படியெடுத்துக்கொண்டிருந்தது. யாருடைய கட்டுரையையும் படிக்காமல்.

இது நான்காவது முறை.

அவர் பேசியபடியே குப்பிகளின்மேல் குனிந்தார்.

அவள் முதல் மூடியை அழுத்தினாள். டக்.

“அப்பா இன்னும் மில்லுக்குத்தான் போறாராம்மா?”

டக். டக்.

“பாவம், அவரும் எத்தனை நாளைக்குத்தான் காத்திருப்பார்? ஒரு கையெழுத்துக்கு ஆறு வருஷம் உட்கார்ந்தவங்கல்லாம் இந்த டிபார்ட்மெண்ட்ல இருக்காங்க. தெரியும்ல?”

நான்கு. ஐந்து. ஆறு.

அவள் நிமிரவில்லை. கையுறைக்குள் விரல்கள் வியர்த்திருந்தன. ஏழாவது மூடி வழுக்கியது. மறுபடி அழுத்தினாள்.

“உன்னைத்தான் கேட்கறேன்.”

எட்டு.

பேச்சால் கெட்டுப்போகக்கூடியது எதுவும் இப்போது அந்த மேசையில் திறந்திருக்கவில்லை.

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள்.