யார் ஜாடை

ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சை கவுனை முன்பக்கம் திறப்பாக மாட்டிக்கொண்டு வந்து நின்றார் என் வீட்டுக்காரர் கோவிந்தராசு.

திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கம் நாடாவைக் கட்டிவிட்டேன். பத்து நாளாக யூடியூபில் ஆபரேஷனைக் கரைத்துக் குடித்த மனுஷனுக்கு கவுன் மாட்டத் தெரியவில்லை.

மில் மூடியதிலிருந்து பெரிய மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கித் தூக்கி வந்த ஹெர்னியா. அதற்கு அவர் தயாரான அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பீடியை விட்டார். நகத்தை ஒட்ட வெட்டினார். மூச்சை இழுத்து இழுத்து விட்டார். எதிர்வீட்டு ராஜவேலுவை உட்கார வைத்து மயக்க மருந்தைப் பற்றி வகுப்பே எடுத்தார்.

எல்லாம் யூடியூபில் ஒரு வெள்ளைக்காரியைப் பார்க்கும் வரைக்கும்தான்.

அவள் பல் பிடுங்கிக்கொண்டு, மயக்கம் சரியாகத் தெளியாமல் காரில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருப்பவன் கேட்கக் கேட்க என்னென்னவோ கொட்டுகிறாள். மொழி புரியாவிட்டாலும், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள் என்பது அவன் சிரிப்பிலேயே தெரிந்தது. போன் சும்மா இருக்குமா? அதே மாதிரி இன்னும் பத்து வீடியோவைக் காட்டியது.

அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. மயக்கத்தில் தானும் உளறிவிடுவோமோ என்று பயம்.

எதை உளறுவார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பேசாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன் எங்கள் முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. பெண். எனக்கு வலிப்பு வந்து இரண்டு நாள் நினைவே இல்லை. கண் விழித்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. யார் ஜாடை என்று கேட்டேன். துணியில் சுற்றித் தந்ததை அப்படியே கொண்டுபோனேன், முகத்தைப் பார்க்கவில்லை என்றார். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்.

பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். மனசு விடவில்லை. பத்து மாதம் சுமந்தவளுக்குப் பிள்ளையின் முகம் தெரியாது என்றால் இது என்ன நியாயம்?

இவர் கட்டிலில் உட்கார்ந்து, திரையை இழுத்துவிடச் சொன்னார். என் கையைப் பிடித்தார்.

"தாமர, உள்ள போயி நான் எதனா ஒளறி, அத வேற யாரோ வந்து ஒங்கிட்ட சொல்லக் கூடாது. நானே சொல்லிடறேன். புள்ளய நான் பாத்தேன்."

நான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"துணிய வெலக்கிப் பாத்தேன். தல நெறைய முடி. மூக்கு அப்பிடியே ஒன்னுது. காதுகிட்ட ஒரு மச்சம். நீ கெடந்த கெடையில சொன்னா தாங்கமாட்டன்னு பாக்கலன்னுட்டேன். அப்பறம் மாத்திச் சொல்ல வாய் வரல."

எனக்கு அழுகை வந்தது. இந்த மனுஷனை நாலு சாத்து சாத்தலாமா என்றும் வந்தது. பிடித்த கையை மட்டும் விடவில்லை. இன்னொரு கையால் என் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் மயக்க டாக்டர் சிவசங்கரி திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஐயா, பயப்படாதீங்க. முதுகுல ஒரு ஊசிதான், இடுப்புக்குக் கீழ மரத்துடும். நீங்க முழிச்சிக்கிட்டு எங்களோட பேசிட்டே இருக்கலாம். அதான் லிங்க் அனுப்பினோமே, பாத்திருப்பீங்க."

"எந்த லிங்க்?" என்றார் இவர். டாக்டர் போனதும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

லிங்க் என் நம்பருக்குத்தான் வந்தது, பத்து நாளைக்கு முன். நாலு நிமிஷ வீடியோ. அந்த டாக்டரே நல்ல தமிழில் எல்லாவற்றையும் சொல்கிறார். இந்த ஆபரேஷனுக்கு நினைவு தப்பாது, உளறலும் கிடையாது. ஏழு தடவை பார்த்தேன். இவர் படும் பாட்டைப் பார்த்து, காட்டிவிடலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். இரண்டு தடவையும் வைத்துவிட்டேன்.

"அடிப்பாவி!" என்றார்.

கோபம் இல்லை. சிரிக்கவும் இல்லை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். இனி அவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. தியேட்டர் கதவு வரைக்கும் கூரையையே பார்த்துக்கொண்டு போனார். நான் பக்கத்தில் நடந்தேன். தப்புச் செய்துவிட்டேனோ என்று தோன்றியது.

கதவருகில், கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். நான் குனிந்தேன்.

"மண்ணு தள்றதுக்கு முன்னாடி, காதுல மூணு வாட்டி பேரு சொன்னேன். மேனகான்னு."

கதவு மூடிக்கொண்டது.

மேனகா நான் ஆசைப்பட்ட பெயர். வயிற்றில் இருக்கும்போதே சொல்லி வைத்திருந்தேன். மூன்று வருஷம் கழித்து அடுத்த பெண் பிறந்தபோது அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று மன்றாடினேன். முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்று, சுமலதா என்று வைத்தார். பெண்டாட்டி ஆசைப்பட்ட ஒரு பெயரைக்கூட வைக்க மனசில்லாத கல்நெஞ்சக்காரன் என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் திட்டினேன். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்றுவரைக்கும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

பெரியவளுக்கு வைத்த பெயரைச் சின்னவளுக்கு எப்படி வைப்பார், பாவம்.